வெள்ளோட்டம்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதற்கான திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தபோது மூன்றாம் பிரிவில் ஒரு புது வாசகம் சேர்ந்துகொண்டது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம். செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ வருவதைத் தடுத்தால் குற்றம். நாடு முழுக்க எங்கும் தடையின்றிச் சென்றுவர எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. அப்படிப் பொதுவாகச் சொன்னது போதாமல் அறுபத்தைந்து வருஷம் கழித்து, செவ்வாய்க் கிரகத்துக்கு விண்கலம் அனுப்பி முடித்த பிறகு, 'மோட்டார் சைக்கிள்' என்று பெயரைப் போட்டே எழுதவேண்டி வந்தது பாருங்கள். இது பாராளுமன்றம் தானாக யோசித்துக் கண்டுபிடித்த வாசகம் அல்ல. ஊர் ஊராக அடிபட்டவர்கள் கொடுத்த புகார்களிலிருந்து வந்த வாசகம்.

மோட்டார் சைக்கிள் அப்படி என்ன குற்றம் செய்தது? வேகமா? சத்தமா? சைலன்ஸரைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே தெருவில் பறக்கிற ஊர்ப் பையன்களை யாரும் மறிப்பதில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. நடந்து போகிறவன் குனியலாம். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கலாம். ஒதுங்கி நிற்கலாம். வண்டி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் முடியாது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது. முதுகு நிமிர்ந்திருக்கிறது. கண் எதிரே பார்த்தாக வேண்டும். தரையைப் பார்த்தால் கீழே விழுவான். பணிவு காட்டுவதற்கு உடம்பில் ஒரு உறுப்பும் ஓய்வாக இல்லை. ஒரு இயந்திரம் தன்னை ஓட்டுகிறவனிடம் கேட்கிற உடம்புக் கட்டும், சாதி சேரிக்காரனிடம் கேட்கிற உடம்புக் கட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆகையால்தான் 'இறங்கி உருட்டிக்கிட்டுப் போடா' என்கிறார்கள். உருட்டிக்கொண்டு போகிறவன் குனிந்துதான் போவான்.

என் தாத்தா செருப்புத் தைத்தவர். கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர். அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்க்காரர்கள் அவர்கள் தெருவில் நடந்தார்கள். அந்தத் தெரு வந்ததும் அவர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பா காலத்தில் செருப்பு காலுக்கு வந்துவிட்டது, சைக்கிள் கைக்குப் போனது. அந்தத் தெருவில் மட்டும் உருட்டிக்கொண்டு போவார். இப்போது சைக்கிளை யாரும் கண்டுகொள்வதில்லை. மோட்டார் சைக்கிளிலும் சின்ன வண்டி என்றால் கண்டுகொள்வதில்லை. பதினைந்து வருஷமாக 100 சிசி வண்டி ஒன்றை நான் ஓட்டுகிறேன். அதைப் பார்த்து யாருக்கும் வயிறு எரியவில்லை. வண்டி பெரிதாகும்போதுதான் எரிகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவனின் கையை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். மூன்று பேரைக் கைது செய்தார்கள். வெட்டியது கழுத்தை அல்ல, கையை. ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற கையை.

இந்தச் செய்தி வந்த சில மாதம் கழித்து எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் பஞ்சு தின்ற நுரையீரல். பேசினால் இடையில் இழுக்கும். மகன் ஒரகடம் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. மலை ஏறுகிற வண்டி என்று சொல்கிறார்களே, அந்த ஹிமாலயன் வண்டியை வாங்கப் போகிறான். விலை இரண்டரை லட்சத்துக்கு மேல். ஊரில் இருக்கிற நிலப் பத்திரத்தைக் கேட்கவில்லை, தங்கச்சி நகையைக் கேட்கவில்லை, தன் சம்பளத்தில் தவணை கட்டிக்கொள்கிறேன் என்கிறான். பெரியவருக்குப் பணத்தில் கவலை இல்லை.

"அய்யா, நீ சொன்னா கேப்பான். அந்த வண்டி வேணாம்னு சொல்லு. மெட்ராஸ்ல ஓட்டட்டும். இங்க கொண்டாந்தா அந்தத் தெரு வழியாத்தான வரணும்? நம்ம காலனிக்கு வேற பாதை ஏது? நான் செத்தப்புறம் என்னமும் செய்யட்டும். என் கண்ணு முன்னால வேணாம்."

நான் பேசுவதற்கு முன்னாலேயே இன்னொன்றும் சொன்னார். "நீ மேடையில பேசுறதெல்லாம் சரி. எனக்கு உள்ளது ஒரு பிள்ள."

மகனிடம் பேசினேன். அவன் பேச்சு சுருக்கம். "சித்தப்பா, அங்க நாளைக்கு நூத்துக்கணக்குல வண்டி எங்க கை வழியாப் போகுது. நட்டு முடுக்குறது நானு. ஒண்ணு எனக்குன்னு வாங்கக் கூடாதா?"

இரண்டு பேரும் நியாயம்தான் பேசுகிறார்கள். உயிர் போகும் என்று தெரிந்திருக்கும்போது ஒரு பையனிடம் 'ஓட்டு' என்று சொல்வது அறமா, 'இறங்கு' என்று சொல்வது அறமா? ஓட்டு என்றால் அவன் உயிரை என் கொள்கைக்குப் பணயம் வைக்கிறேன். இறங்கு என்றால் அந்தத் தெருக்காரன் சொல்ல வேண்டிய வார்த்தையை அவனுக்குப் பதிலாக நானே சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியவன் உண்மையில் அரிவாள் வைத்திருக்கிறவன். அவன் வீட்டில் இப்படி ஒரு அப்பா மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, என் மகன் அடுத்தவன் கையை வெட்டிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது, கொஞ்சம் சொல்லுங்கள் என்று யாரிடமாவது கேட்டிருக்கிறாரா? நான் கேள்விப்பட்டதில்லை. அறம் பற்றிய ஆராய்ச்சி முழுக்க எப்போதும் நம் திண்ணையில்தான் நடக்கிறது. சரி, நடக்கட்டும். நம் திண்ணையிலாவது நடக்கிறதே.

வண்டியைப் பார்க்காமல் வண்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனேன். ஷோரூமில் கொடுத்த அரைமணி நேர ஓட்டம் அவனுக்குப் போதவில்லை. மதுரையில் இருக்கிற அவன் சிநேகிதன் அதே வண்டியை வைத்திருந்தான். காலையிலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். டெஸ்ட் ரைடு என்கிறார்கள். தமிழில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது, வெள்ளோட்டம். புதுத்தேர் செய்தால் விடுவார்களே, அது. தேர்வடம் தொடக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதில் ஒன்றும் தப்பில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2016-ல் முதல் ஹிமாலயன் வந்தது 411 சிசி. 2023 நவம்பரில் வந்தது 452 சிசி, நாற்பது குதிரைத்திறன், ஆறு கியர். எடை 196 கிலோ. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 230 மி.மீ. ஷாக் அப்சார்பர் முன்னும் பின்னும் 200 மி.மீ. வரை இறங்கி ஏறும். முன்சக்கரம் ஏன் இத்தனை பெரிது என்றால், சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லை முட்டாது, ஏறிப்போகும். மாட்டுவண்டிச் சக்கரம் பெரிதாக இருப்பதற்கும் இதே காரணம்தான். நம் தச்சர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சரளையில் சீட்டில் உட்காரக்கூடாது, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்க வேண்டும். முழங்கால் மடங்கி நிமிர்ந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும். வண்டி கீழே தன் பாட்டுக்கு ஆடும். முன் பிரேக்கை அமுக்கினால் போச்சு. கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏறும். போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அந்தச் சிநேகிதன்தான் சொல்லிக்கொடுத்தான்.

'ரோட்டிலும் ஓடும், ரோடு இல்லாத இடத்திலும் ஓடும்' என்பதுதான் இந்த வகை வண்டிக்கு விளம்பரம். எனக்குச் சிரிப்பு வந்தது. ரோடு இல்லாத இடத்தில் சோதிக்க மலைக்குப் போக வேண்டியதே இல்லை. ஐப்பசி மழைக்கு எங்கள் காலனித் தெருவுக்குக் கொண்டுவந்தால் போதும். அறுபது வயசுக் கிழவி தண்ணீர்க் குடத்தோடு தினம் செய்கிற சாகசத்துக்கு இங்கே ஒருவரும் ஹெல்மெட் கொடுப்பதில்லை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலை. இடது கைப்பக்கம் மலை கூடவே வரும். முதலில் அவன் ஓட்டினான், பின்னால் நான். பாதி தூரத்தில் மாறினோம். நூறு சிசியில் பழகிய கைக்கு அந்த வண்டி எருமை போலத்தான் தெரிந்தது. நின்றால் கனக்கிறது, நகர்ந்தால் கனமே இல்லை. மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்குப் போகும்போது நெஞ்சுக்குள் ஒன்று திறந்துகொண்டது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. விடுதலை, விமோசனம் என்று எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன், காற்று முகத்தில் அடிக்கிற சந்தோஷத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நம் எழுத்தில் உடம்பு என்றால் அடிபட்ட உடம்புதான் வருகிறது. சந்தோஷப்படுகிற உடம்பும் நம்முடையதுதானே.

அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு சங்கதி இருந்தது. நெடுஞ்சாலையில் என்னை யாருக்கும் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் முகம் இல்லை. லாரிக்காரர் வழிவிட்டார். டீக்கடையில் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "எவ்வளவு மைலேஜ் கொடுக்குது அண்ணாச்சி?" என்றார். அண்ணாச்சி! அடுத்த கேள்வி வந்தது. "எந்த ஊரு?" ஊர் பேரைச் சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" அதற்கு மேல் அவர் மைலேஜ் கேட்கவில்லை. டீக்கான காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். நெடுஞ்சாலை கொடுத்த சுதந்திரம், அடையாளம் தெரியாதவனுக்குக் கொடுத்த சுதந்திரம். அடையாளத்தை மறைத்தால் கிடைக்கிற ஒன்றைச் சுதந்திரம் என்று சொல்லலாமா? சென்னைக்கும் திருப்பூருக்கும் ஓடிப்போன நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த அளவே போதும் என்று இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. மூச்சுவிட இடம் வேண்டும். பெரியவர் கேட்டதும் அதுதான், மெட்ராஸ்ல ஓட்டட்டும். மகன் கேட்பது வேறு. தன்னைத் தெரிந்தவர்கள் இருக்கிற தெருவில், இன்னார் மகன் என்று தெரிந்தே, இறங்காமல் போகவேண்டும் என்கிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே திரும்பி செண்பகத்தோப்புப் பக்கம் போனோம். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அப்புறம் மண்பாதை. அங்கேதான் எழுந்து நின்று ஓட்டிப் பழகினோம். இரண்டு தடவை சாய்ந்து மூன்றாவது தடவை சரியாக வந்தது. அதற்கு மேல் காடு. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆன காடு; 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் புலிகள் காப்பகம் ஆனது. அதற்குள் மோட்டார் சைக்கிள் சாகசத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. நாங்கள் தோப்புப் பாதையோடு நின்றுகொண்டோம்.

அப்போது எதிரே பளியர் ஒருவர் வந்தார். வயசானவர், தலையில் சுமை. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் பாதையை விட்டு விலகி முள்ளுக்குள் இறங்கி நின்றார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. என்ஜின் சொன்னது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பையன் உடனே என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைச் சாய்த்து ஓரம் கட்டி, "நீங்க போங்கய்யா" என்றான். அவர் மேலே ஏறிப் பாதைக்கு வந்து போகும்வரை நின்றோம். இந்த மலை அவருடைய முன்னோர் தேனெடுத்த மலை. இன்று அவர் உள்ளே போகவும் வரவும் ஆயிரம் கேள்வி. நாங்கள் இரண்டரை லட்ச ரூபாய் வண்டியில் பொழுதுபோக வந்திருக்கிறோம்.

சாகசம் என்ற சொல் அங்கேதான் எனக்கு இடறியது. இந்த வண்டியின் என்ஜினுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஷெர்பா. ஷெர்பா என்பது இமயமலையில் வாழ்கிற ஒரு இனத்தாரின் பெயர். வெள்ளைக்காரன் சிகரம் ஏறினான் என்று எழுதிய காலமெல்லாம் அவன் கூடாரத்தையும் சோற்றையும் தூக்கிக்கொண்டு மேலே போனவர்கள் அவர்கள். 1953-ல் எவரெஸ்டில் கால் வைத்த இருவரில் டென்சிங் நோர்கே ஒருவர். ஒரே மலை, ஒரே ஆபத்து. ஒருவனுக்குச் சாகசம், இன்னொருவனுக்குக் கூலி. ஆபத்தைத் தேடிப் போகிறவனுக்கு ஆபத்து இல்லாத ஒரு வீடு திரும்பி வருவதற்கு இருக்க வேண்டும். அந்த வீடு இருந்தால்தான் அதற்குச் சாகசம் என்று பெயர். மலக்குழிக்குள் இறங்குகிறவரை யாராவது சாகசக்காரர் என்று சொல்கிறோமா? 1952-ல் சே குவேரா நண்பனோடு நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டி சிலி நாட்டில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது பலருக்குத் தெரியாது. சுகிகாமட்டா செப்புச் சுரங்கப் பக்கம் தொழிலாளிகளை அவர் சந்தித்தது வண்டி போன பிறகுதான், லாரிகளில் தொத்திக்கொண்டு போனபோதுதான். வண்டியின் மேலிருந்து பார்த்தால் சில ஆட்கள் கண்ணில் படுவதில்லை. நான் எம்.ஏ.வுக்குப் படித்த சங்க இலக்கியத்திலும் தலைவன் தேரில் வருகிறான், பாகனுக்குப் பெரும்பாலும் பேர் கிடையாது.

இருந்தாலும் பளியருக்காக என்ஜினை அணைப்பதும், அந்தத் தெருக்காரனுக்காக என்ஜினை அணைப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் அணைப்பவன் தன் விருப்பத்துக்கு அணைக்கிறான். அகநானூற்றில் தலைவன் ஒருவன், பூவில் இருக்கிற வண்டுகள் மிரளக்கூடாது என்று தேர்மணியின் நாக்கைக் கட்டிவிட்டு ஓட்டுகிறான். அதைக் கருணை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அவனால் மணியை அடித்துக்கொண்டும் போக முடியும், ஆகவே அது கருணை. அடிக்கவே முடியாதவன் மணியைக் கட்டினால் அதற்குப் பேர் வேறு.

இந்த இடத்தில் அம்பேத்கரைப் பார்க்கலாம். அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகமான 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலிலும் வண்டிகள் வருகின்றன. 1901-ல் பள்ளிச் சிறுவனாக மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்றமாட்டோம் என்கிறார்கள். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்குச் சம்மதிக்கிறான். வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவன் கூட நடந்து வருவான். அதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளோட்டம். 1929-ல் சாலிஸ்கான். இப்போது அவர் பாரிஸ்டர், அரசு நியமித்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். குதிரைவண்டிக்காரன் எவனும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. அங்கிருந்த மகர் மக்கள், நம் தலைவர் நடந்து வருவதா என்று வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்துத் தங்களில் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லை. ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. வண்டியும் குதிரையும் ஆற்றில்.

அம்பேத்கர் இதைச் சொல்லும்போது அந்த மக்களைத் திட்டவில்லை. என் மரியாதையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் என் உயிரின் பத்திரத்தை மறந்துவிட்டார்கள் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறார். நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். மரியாதை பெரிதா உயிர் பெரிதா என்பதாகத்தான் அதை எடுத்துக்கொள்வோம். செண்பகத்தோப்பிலிருந்து திரும்பி வரும்போது எனக்கு வேறொன்று பட்டது. அந்த முடிவு எடுத்தபோது அம்பேத்கரை யாரும் கேட்கவில்லை. வண்டியில் உட்காரப்போவது அவர், எலும்பு அவருடையது. ஓட்டப்போகிறவருக்கு ஓட்டத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லியிருந்தால், 'நடந்தே வருகிறேன், பரவாயில்லை' என்று அவர் சொல்லியிருக்கலாம். அல்லது 'ஏறுகிறேன்' என்றே சொல்லியிருக்கலாம். அந்த இரண்டில் எதுவானாலும் அது அவருடையதாக இருந்திருக்கும். ஆக, பையனுக்காகப் பெரியவர் முடிவெடுப்பதும் தப்பு, நான் முடிவெடுப்பதும் தப்பு.

விஷயம் இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. கொடியங்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டத்தில் அந்த ஊருக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்துத் தலையெடுத்திருந்த ஊர். ஃபேன், டிவி, டேப் ரெக்கார்டர், தையல் மெஷின், சைக்கிள் என்று தேடித்தேடி உடைத்தார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கொளுத்தினார்கள். கிணற்று நீரைக் கெடுத்தார்கள். உடைந்தது ஒரு ஆளின் பொருள் அல்ல, ஒரு ஊரே மேலே வந்ததற்கான அடையாளங்கள். இந்தச் சமூகத்தில் நம்மில் ஒருவன் வண்டி ஏறினால் அடி அவன் மேல் மட்டும் விழுவதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி மேல் விழும், மாட்டுத் தொழுவத்தில் விழும். 'என் உடம்பு, என் ஆபத்து, என் முடிவு' என்று அவன் சொல்வது சரி. ஆனால் ஆபத்து அவனுடையதாக மட்டும் இல்லை. தனிமனித சுதந்திரம் பற்றி மேற்கே எழுதியவர்கள், அடுத்தவனுக்குத் தீங்கு வராதவரை உன் இஷ்டம் என்றார்கள். இங்கே தீங்கு செய்கிறவன் மூன்றாவது ஆள். அவன் செய்யப்போகும் கொடுமைக்கான கணக்கை ஓட்டுகிறவன் பேரில் எழுதலாமா? எழுதக்கூடாது. எழுதக்கூடாது என்பதற்காகக் கிழவி வீடு எரியாமல் இருக்குமா?

1997-ல் எனக்கு ஏழெட்டு வயசு. இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கென்று புதிதாக அமைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைத் தமிழக அரசு வைத்தது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையனை எதிர்த்தவர். ஆனால் சேரியில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கல் விழுந்தது, பஸ் எரிந்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களின் பெயரையும், எல்லா மாவட்டங்களின் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் அப்போதுதான் விருதுநகர் மாவட்டம் ஆனது. ஒரு பெயரைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்களுக்காக எல்லாப் பெயரையும் அழித்த பஸ்களில்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அரசாங்கமே 'இறங்கு' என்று சொன்ன சமயம் அது. சமத்துவமாகச் சொன்னது, அவ்வளவுதான்.

இதே மலைக்கு மேற்கே, அன்றைய திருவிதாங்கூரில், 1893-ல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகள், கழுத்தில் மணி. தலையில் முண்டாசு கட்டி, வெங்ஙானூரிலிருந்து புலையர் நடக்கக்கூடாத ராஜபாதையில் ஓட்டிக்கொண்டு போனார். அவரை ஒற்றை வீரனாகப் படம் போடுகிறோம். அவர் தனியாள் இல்லை. கூட அடிதடிக்குப் பயிற்சி எடுத்த இளைஞர்கள் இருந்தார்கள். பின்னால் கலவரமும் வந்தது, நம் ஆட்களும் திருப்பி அடித்தார்கள். வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே அவர் ஆட்களைச் சேர்த்துவிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மணியை அடித்துக்கொண்டு போகிறதற்கு முன்னால் யார் யார் காதில் அது விழும், யார் வருவார்கள், நம் பக்கம் யார் நிற்பார்கள் என்று பேசி முடித்தாயிற்று.

பெரியவரிடம் போய் இதைத்தான் சொன்னேன். "அண்ணே, வேணாம்னு நான் சொல்லமாட்டேன். ஓட்டுன்னும் நான் சொல்லமாட்டேன். வாங்குறது அவன் இஷ்டம். அந்தத் தெரு வழியா வர்றது நம்ம எல்லாருடைய பாடு. அத எல்லாரும் உக்காந்து பேசுவோம். சட்டத்துல இன்னது இருக்குன்னு எழுதி முன்கூட்டியே போலீசுக்கு ஒரு மனு கொடுப்போம். நீங்களும் வந்து உங்க பயத்தச் சொல்லுங்க. பயத்த மறைக்க வேணாம்." அவர் கொஞ்சநேரம் இழுத்து மூச்சுவிட்டார். "கூட்டம் போட்டா மட்டும் அவன் அருவாள கீழ போட்ருவானா?" என்றார். "போடமாட்டான். நீங்க ராத்திரி தனியா உக்காந்து பயப்பட வேண்டியிருக்காது" என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

கூட்டம் காலனி மந்தையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஆம்பளைகள் நாற்பது பேர் இருப்பார்கள், பெண்கள் பின்னால். பைக் வரும் நாள், வரும் நேரம், முதல் தடவை யார் யார் கூடப் போவது, ஹாரன் அடிப்பதா வேண்டாமா என்றுகூடப் பேச்சு நீண்டது. ஹாரன் அடிக்கிறதைப் பற்றி மட்டும் அரைமணி நேரம். பெரியவர் தன் பயத்தைச் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. பேச்சு முடிகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்தார். மில் வேலைக்குப் போகிறவர்.

"ஒரு வண்டி வர்றதுக்கு இம்புட்டுக் கூட்டம் போடுறீக. நானும் இந்தப் பிள்ளைகளும் ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்கு அதே தெரு வழியா நடந்துதான வாறோம்? என்னென்ன பேசுறான், எங்கிட்டு வந்து ஒரசுறான்னு ஒங்களுக்குத் தெரியும். அதுக்கு என்னிக்காச்சும் மந்தையில கூடுனீகளா? எங்களுக்கு இறங்குறதுக்கு வண்டியும் இல்லயே."

யாருக்கும் பேச்சு எழவில்லை. பைக் வாங்கப்போகிற பையன்தான் முதலில் வாய் திறந்தான்: "அக்கா சொல்றத மொதல்ல எழுதுங்க சித்தப்பா." எழுதினேன். போலீசுக்குக் கொடுக்கிற மனுவில் ராத்திரி ஷிப்ட் பெண்களுக்கு அந்தத் தெருவில் பாதுகாப்பும் தெருவிளக்கும் முதலாவது, மில் வேன் காலனிவரை வரவேண்டும் என்பது இரண்டாவது. வண்டி விஷயம் மூன்றாவதாக வந்தது.